செருகியே கிடக்கும் வன்தட்டு

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகள் பலவற்றில் முட்டைக் கணக்கும் தீவனக் கணக்கும் இன்று கணினியில்தான். "நகல் வெளி வன்தட்டில் இருக்கிறது, பயமில்லை" என்பார் சிலர். அந்த வன்தட்டு எங்கே? கணினியிலேயே செருகிக் கிடக்கும்!

மாணவர்களே, சுழல் வகையில் உள் வன்தட்டானாலும் வெளி வன்தட்டானாலும் சுழல்வது ஒரே மாதிரிக் காந்தத் தட்டுதான். உறையும் வடமுமே வேறு. சாட்டா இணைப்பு வினாடிக்கு 600 மெகாபைட் வரை கடத்தும். தட்டோ பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. யு.எஸ்.பி. 3 வடமே அதற்குத் தாராளம். வேகத்தை வைத்து வாதாடுவது வீண்.

சித்திரை இடிமழையில் மின்கம்பி வழியே பாயும் மிகை மின்னழுத்தம், இணைந்துள்ள இரண்டையும் ஒருசேரக் கெடுத்துவிடக்கூடும். எனவே நகல் எடுத்ததும் கழற்றி, விதைச் சோளத்தைப் போல வேறிடத்தில் வையுங்கள். ஓடும்போது மட்டும் அசைக்காதீர்கள். தகவலைப் படிக்கும் முனை தட்டில் உரசக்கூடும்.