திருத்துவது திருட்டா?

வட்டக்கானலில் மேகம் இறங்கிவிட்டது. காலைக் காப்பியும் ஆறிவிட்டது, ஒரு ஃபார்வர்டைப் படித்து! "கடல் உயர்வதாகக் காட்டத்தான் செயற்கைக்கோள் கணக்கைத் திருத்துகிறார்கள்" என்று. அனுப்பியவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன்.

டேய், கடைத் தராசைச் சோதித்து முத்திரை போடுவது மோசடியா? 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய டோபெக்ஸ், 1992-இல் ஏவியதிலிருந்து ஆறேழு ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி அளந்தது. காட்டிக்கொடுத்தவை துறைமுகங்களில் நிற்கும் கடல்மட்ட அளவிகள். (அளவி நிற்கும் நிலமே அமிழ்ந்தால்? அதையும் ஜிபிஎஸ் வைத்துக் கழிக்கிறார்கள்.) திருத்தியதும் அந்த ஆண்டுகளின் உயர்வு குறைந்ததே தவிர கூடவில்லை. கூட்டிக் காட்டுகிறவன் இப்படியா திருத்துவான்?

இஸ்ரோவும் பிரான்சும் 2013-இல் அனுப்பிய சரல் அளந்ததையும் லட்சத்தீவின் கவரத்தியில் கருவி வைத்துத்தான் சரிபார்த்தார்கள்.

பதில் இருந்தால் கமெண்டில் எழுது. இன்னொரு ஃபார்வர்டு வேண்டாம்.