குறட்டைக்கு ஊசி போதுமா? எடை குறைப்பு மருந்தும் ஆண்களின் ‘ஸ்லீப் ஆப்னியா’வும்

“குறட்டை விட்டா நல்லா தூங்குறார்னு அர்த்தம்.” நம் வீடுகளில் இன்னமும் சொல்லப்படும் வசனம் இது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் புது மாப்பிள்ளைக்கும் இதே சர்டிஃபிகேட்தான். ஆனால், அந்தக் குறட்டை திடீரென நின்று, பத்து விநாடி சத்தமே இல்லாமல் போய், பிறகு மூச்சுத் திணறலோடு மறுபடி ஆரம்பித்தால்? அது நல்ல தூக்கமே இல்லை.

அதற்குப் பெயர் ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’. தூங்கும்போது தொண்டையில் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிற நோய். இதற்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்பதுதான் நீண்டகால நிலைமை. 2024 டிசம்பர் 20 அன்று அது மாறியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., உடல் எடையைக் குறைக்கும் ‘ஸெப்பவுண்ட்’ ஊசியை இந்த நோய்க்கும் கொடுக்கலாம் என்று அனுமதி தந்தது. இதன் மருந்துப் பெயர் டிர்செபடைட். இதே மருந்துதான் 2025 மார்ச் முதல் ‘மவுஞ்சாரோ’ என்ற பெயரில் இந்தியாவிலும் விற்கிறது.

அப்போ மாஸ்க், மெஷினை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் போதுமா? பார்ப்போம்.

இரவில் உண்மையில் என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். பாதை ஏற்கெனவே குறுகலாக இருந்தால் அது மூடிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையாக எழுப்பும். மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். இப்படி நடப்பது காலையில் உங்களுக்கு ஞாபகமே இருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை வைத்து நோயின் தீவிரத்தைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு ஏ.ஹெச்.ஐ. என்று பெயர். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் தீவிரம். உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்த நோய்க்குத் தொடர்பு உண்டு. பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசருவதும் இதன் விளைவுதான்.

ஏன் ஆண்களுக்கு அதிகம்?

இந்தியாவில் நடந்த ஆய்வுகளை எய்ம்ஸ் ஆய்வாளர்கள் தொகுத்து 2023-இல் வெளியிட்டார்கள். அதன்படி வயது வந்த இந்தியர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம்.

ஆண்களுக்குக் கொழுப்பு கழுத்திலும் வயிற்றிலும் சேருவது அதிகம். அவர்களது மூச்சுப்பாதையும் சற்று நீளமானது, எளிதில் அமுங்கக்கூடியது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஹார்மோன்கள் ஓரளவு பாதுகாப்பு தருகின்றன. இரவு மது குடிக்கும் பழக்கம் இருந்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த நோய் மோசமாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஜிம்மில் யாரோ சொன்னார் என்று அதைத் தொடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

எடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த நீண்டகால ஆய்வின் முடிவு 2000-இல் வெளியானது. உடல் எடை 10 சதவீதம் கூடினால் ஏ.ஹெச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறியது. 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் இறங்கியது.

ஏன் என்பதற்கு 2020-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். எடை குறைத்த 67 பேரை ஸ்கேன் செய்து பார்த்ததில், மூச்சு சீரானதற்கு முக்கியக் காரணம் நாக்கில் இருந்த கொழுப்பு குறைந்தது என்று தெரியவந்தது. ஆமாம், நாக்கிலும் கொழுப்பு சேரும்!

ஆக, டிர்செபடைட் தொண்டையில் நேரடியாக எதுவும் செய்வதில்லை. பசியைக் குறைக்கிறது, சாப்பாடு இரைப்பையில் கூடுதல் நேரம் தங்குகிறது, எடை இறங்குகிறது. மூச்சு சீராவது பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான்.

‘பாதியாகக் குறைந்தது’: கணக்கைப் பார்ப்போம்

எஃப்.டி.ஏ. அனுமதிக்கு அடிப்படை ‘சர்மவுன்ட்-ஓ.எஸ்.ஏ.’ என்ற பெயரில் நடந்த இரண்டு பரிசோதனைகள். மொத்தம் 469 பேர். அவர்களில் சுமார் 70 சதவீதம் ஆண்கள். காலம் 52 வாரம். நடத்தியது மருந்தைத் தயாரிக்கும் எலி லில்லி நிறுவனம். முடிவுகள் 2024 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தன.

மெஷின் பயன்படுத்தாதவர்களிடம் நடந்த பரிசோதனையில், தொடக்கத்தில் ஏ.ஹெச்.ஐ. சராசரியாக 51.5. ஊசி போட்டவர்களுக்கு 25.3 குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்குக் குறைந்தது 5.3 மட்டுமே. மெஷின் பயன்படுத்துபவர்களிடம் நடந்த இன்னொன்றில் 49.5-லிருந்து 29.3 குறைந்தது. எடை 18 முதல் 20 சதவீதம் வரை இறங்கியது.

பெரிய வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால், மீதியையும் கவனியுங்கள். 51-லிருந்து 25 போனால் மிச்சம் 26. அதாவது, மணிக்கு 26 முறை மூச்சு தடைபடுகிறது. ‘தீவிரம்’ என்ற நிலையிலிருந்து ‘நடுத்தரம்’ என்ற நிலைக்கு இறங்கியிருக்கிறார்கள், நோய் போய்விடவில்லை.

நோய் நீங்கியவர்கள், அல்லது அறிகுறி இல்லாத லேசான நிலைக்கு வந்தவர்கள் முதல் பரிசோதனையில் சுமார் 42 சதவீதம், இரண்டாவதில் 50 சதவீதம். அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பிறகும் வேறு சிகிச்சை தேவைப்படலாம். அந்த ஒருவர் நீங்களா என்பது மறுபடியும் தூக்கப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

அப்போ மெஷின்?

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் மெஷினை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் உருவாக்கினார். 1981-இல் அதை உலகுக்கு அறிவித்தார். இன்றைக்கும் முதன்மைச் சிகிச்சை அதுதான். மாட்டிய முதல் ராத்திரியே வேலை செய்யும்.

ஊசி அப்படியில்லை. 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏற்ற வேண்டும். இந்த நோய்க்கான அளவான 10 மில்லிகிராமை எட்டவே மூன்று மாதம் ஆகும். எடை இறங்க அதற்கு மேலும் ஆகும். அதுவரை மூச்சை யார் பார்த்துக்கொள்வது? மெஷின்தான்.

மாஸ்க் போட்டுத் தூங்க முடியாமல் பலர் அதைப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள் என்பதும் நிஜம். அவர்களுக்கு ஊசி ஒரு புது வழி. ஆனால், மெஷின் பழகிவிட்டவர் ஊசியை நம்பி தானாகவே அதை நிறுத்துவது ஆபத்து.

நம்மூரில் யாருக்குப் பொருந்தும்?

எஃப்.டி.ஏ. அனுமதி, உடல்பருமன் உள்ளவர்களுக்கு, அதுவும் நடுத்தர, தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். பரிசோதனையில் கலந்துகொண்டவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 39. ஐந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக, 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 113 கிலோ இருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். சர்க்கரை நோயாளிகள் அதில் சேர்க்கப்படவே இல்லை.

நம் நிலைமை வேறு. ஆசியர்களுக்குத் தாடை, முக எலும்பு அமைப்பு காரணமாகக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது. அதே உயரத்தில் 78 கிலோ இருக்கும் ஒரு ஐ.டி. ஊழியருக்கும் வரலாம். அவருக்குக் குறைக்கவே அவ்வளவு எடை இல்லை. தாடை அமைப்புதான் காரணம் என்றால் ஊசியால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது சர்க்கரை நோய், எடைக் கட்டுப்பாடு ஆகிய இரண்டுக்குத்தான் அனுமதி பெற்று வந்தது. அறிமுக விலை 2.5 மி.கி. குப்பிக்கு 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பிக்கு 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 ரூபாய். அதுவும் ஆரம்பப் படிகளுக்குத்தான்.

அமெரிக்காவில் இந்த அனுமதிக்குப் பணரீதியாகவும் ஒரு அர்த்தம் உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான ‘மெடிகேர்’, எடை குறைப்புக்காக மட்டும் மருந்து கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று எழுதினால் காப்பீட்டில் சேர்க்க வழி பிறக்கிறது. இங்கே பெரும்பாலானவர்களுக்கு அது சொந்தப் பணம்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஊசியை நிறுத்தியவர்களுக்கு எடை திரும்ப ஏறுவதை வேறொரு டிர்செபடைட் பரிசோதனை காட்டியது. எடை ஏறினால் நாக்கின் கொழுப்பும் குறட்டையும் கூடவே திரும்பி வரலாம். ஆக, இது மூணு மாச கோர்ஸ் இல்லை.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை சகஜமான பக்கவிளைவுகள். கணைய அழற்சி, பித்தப்பைக் கோளாறு அரிதாக வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து நிபுணரிடம் ஊசி விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டு வாங்கும் பொருள் அல்ல இது.

சரி, என்ன செய்யலாம்?

இன்று ராத்திரி உங்கள் குறட்டையை வீட்டில் யாரையாவது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் தூக்கம் சொக்குகிறதா, பி.பி. இருக்கிறதா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேலா, வயது 50 தாண்டியதா என்று பாருங்கள். மருத்துவர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகளில் ‘ஆணா?’ என்பதும் ஒன்று. அதற்கே ஒரு மதிப்பெண். மூன்று வந்தாலே நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும். தூக்கப் பரிசோதனையை இப்போது வீட்டிலேயேகூடச் செய்துகொள்ளலாம்.

ஊசியா, மெஷினா, இரண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசுங்கள். அதுவரை நைட் டிரைவிங்கை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.