பாடியவன் ஒருவன், பலன் இன்னொருவனுக்கா?

விதைத்தவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன்! வயலிலும் ஆலையிலும் நாம் அன்றாடம் காணும் இந்த அநியாயம் பாட்டுக்காரனையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் நடந்த கதையைக் கேளுங்கள்.

விகன் என்பது நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையும் வளர்த்த பாட்டாளி ஊர். அங்கே 1990ல் சில வாலிபர்கள் 'தி வெர்வ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார்கள்; 1995ல் குழு கலைந்தது. மீண்டும் கூடி, 1997 ஜூனில் 'பிட்டர் ஸ்வீட் ஸிம்பனி' என்ற பாட்டை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்! கடல் கடந்து அவர்கள் பெயரைக் கொண்டுபோனது அந்தப் பாட்டுத்தான்.

ஆனால் அதன் பிரசுர வருமானம் எங்கே போயிற்று? பாட்டில் ஓடும் வயலின் துண்டு பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டுப் பாட்டை வேறொரு வாத்தியக் கோஷ்டி வாசித்த தட்டு அது. இசைத்தட்டுக் கம்பெனியிடம் அனுமதி வாங்கினார்கள். மூலப் பாட்டின் பிரசுர உரிமையோ ஆலன் க்ளைன் என்ற அமெரிக்க வியாபாரியின் கம்பெனியிடம் இருந்தது. பிரசுர வருமானம் முழுவதையும் க்ளைன் எழுதி வாங்கிக்கொண்டார். சொற்களை எழுதிப் பாடியவர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட். கிராமி பரிசுக்குப் பாட்டாசிரியர்களாக முன்மொழியப்பட்டவர்களோ ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும்!

"எடுத்தது எடுத்ததுதானே?" என்பார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். எடுத்ததற்கு உரிய பங்கைக் கொடுக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிடி பஞ்சு தந்தவனுக்கு நெய்த துணி முழுவதும் சொந்தமா? அந்த வயலின் இசையை அமைத்தவர் டேவிட் விட்டேக்கர். உரிமைச் சீட்டில் அவர் பெயர் இல்லை. ஸ்டோன்ஸ் பாட்டின் பல்லவியே, ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் முன்பே பாடிய பக்திப் பாட்டைத் தழுவியது. அவர்கள் பெயரும் இல்லை. உழைத்தவர்கள் பெயர் மறைந்தது. ஒரு சுரமும் வாசிக்காத வியாபாரியின் பெட்டி நிறைந்தது. இதற்குப் பெயர் சொத்துரிமையாம்!

1999ல் குழு மறுபடியும் கலைந்தது. 2009ல் க்ளைன் இறந்தார். உரிமைச் சீட்டு சாகவில்லை. 2019ல்தான் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பாத்தியதையை ஆஷ்கிராஃப்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் "என்ன பெருந்தன்மை!" என்று தாளம் போடுவோரைக் கேட்கிறோம்: 22 ஆண்டுகள் காக்க வைத்தது என்ன நியாயம்? யாரோ மனமிரங்கினால்தான் உழைத்தவனுக்குக் கூலியா?

தோழர்களே! கூலி பிச்சையல்ல, உரிமை. நெசவாளியோ, உழவனோ, பாட்டுக்காரனோ, தனித்து நிற்பவனை ஒப்பந்தக் காகிதம் விழுங்கிவிடும். படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். சங்கமாகத் திரண்டு பேரம் பேசுவோம். உழைப்பின் பலனை உழைப்பவனே பெறச் செய்வோம்!