இரு மடங்கு என்னும் நேர்த்திக்கடன்

பழவங்காடிப் பிள்ளையார் முன் தேங்காய் உடைப்பவரிடம் ஏன் உடைக்கிறீர் என்று எவரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை. தடை நீங்க வேண்டும் என்பது வேண்டுதல், உடைப்பது நேர்த்தி. அது நம்பிக்கையின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் அக்கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அறை எடுத்துத் தங்கி, காரியவட்டம் வளாகத்துக்குப் பேருந்தேறும் ஆய்வு மாணவர், தம் பழைய கணிப்பொறி திணறும்போது ‘ஸ்வாப் அளவை நினைவகத்தைப் போல் இரு மடங்காக வை’ என்னும் அறிவுரையையும் அதே பக்தியுடன் நிறைவேற்றுகிறார். அதைச் சொல்லிக்கொடுத்த மூத்த ஆய்வாளரும் காரணம் கேட்டவர் அல்லர். காரணம் கேட்கப்படாத ஒரு விதி ஆய்வுக்கூடத்தில் உலவுவதே இழுக்கு. அவ்விதி, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொறிகளைக் கழிவுப் பட்டியலுக்கு அனுப்புவது அதனினும் இழுக்கு.

விதிக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பெர்க்கிலி யுனிக்சின் பழைய பதிப்புகள், ஒரு நிரல் தனக்கெனக் கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வட்டில் ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தன. வட்டில் இடம் தீர்ந்துவிட்டால், நினைவகம் காலியாகக் கிடந்தாலும் அது பயன்படாது. 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 கெர்னலில் வேறொரு சிக்கல்: வட்டிலிருந்து நினைவகத்துக்குத் திரும்பிய பக்கம், வட்டில் தான் பிடித்திருந்த இடத்தையும் விடாமல் வைத்துக்கொண்டது. ஸ்வாப் நினைவகத்தைவிடப் பெரிதாக இல்லையென்றால் அதனால் விளையும் பயன் சொற்பமே. இரு மடங்கு வையுங்கள் என்று அன்று சொன்னவர்கள் கணக்குப் பார்த்தே சொன்னார்கள்.

அதே 2001 ஜூலையில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முளைவிட்ட காலமும் அதுவே. அந்த ஆண்டில் லினக்ஸ் நிறுவக் கற்றவர்கள் இரு மடங்கு விதியையும் சேர்த்துக் கற்றிருந்தால் அதில் பிழை காண இயலாது. ஆனால் செப்டம்பரில் வந்த 2.4.10 பதிப்பில், ரிக் வான் ரீல் எழுதிய நினைவக மேலாண்மை நீக்கப்பட்டு ஆந்திரேயா ஆர்காஞ்செலி எழுதியது அவ்விடத்தைப் பிடித்தது. காரணம் கரைந்துபோயிற்று; விதி மட்டும் நின்றுவிட்டது. சூழல் மறைந்த பின்னும் ஒலிமாற்றம் எஞ்சி நிற்பதை மொழியியல் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. எஞ்சிய வடிவத்தைப் பார்த்து, இதற்கு இன்றும் காரணம் இருக்கிறது என்று வாதிடும் மாணவருக்கு மட்டும் எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் தரமாட்டார்.

குழப்பத்தின் வேர் சொல்லில் இருக்கிறது. அது ஆங்கிலத்திலேயே தொடங்கிய பிழை. விண்டோஸ் எக்ஸ்பியில் ‘விர்ச்சுவல் மெமரி’ என்று தலைப்பிட்ட பெட்டியைத் திறந்தால், அங்கே மாற்றக் கிடைப்பது வட்டிலுள்ள பேஜிங் கோப்பின் அளவு மட்டுமே. தமிழாக்கம் செய்தோர் ‘மெய்நிகர் நினைவகம்’ என்றெழுதி அப்பிழையைப் பத்திரமாகக் காப்பாற்றினர். மெய்யை நிகர்த்த நினைவகம் என்றால், உண்மையான நினைவகத்தைப் போலவே வேலை செய்யும் இன்னொன்று வட்டில் இருக்கிறது என்றுதான் கேட்பவர் கொள்வார். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணிப்பொறியில் இம்முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது, அதன் உயிர்நிலை வேறாக இருந்தது. நிரல் அறிவது முகவரியை மட்டுமே. முகவரி என்பது ஒரு பெயர். அப்பெயர் சுட்டும் பொருள் இந்தக் கணத்தில் நினைவகத்தில் இருக்கலாம், வட்டில் இருக்கலாம், முயற்கொம்பைப் போல எங்குமே இல்லாமலும் இருக்கலாம். நிரல் கேட்டு வாங்கி, ஒருமுறைகூடத் தொடாத பக்கங்கள் அத்தகைய முயற்கொம்புகளே.

ஆகவே ‘மெய்நிகர் நினைவகத்தின் எல்லையை அமை’ என்ற தொடருக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. ஒரு நிரல் எத்தனை பெயர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது ஓர் எல்லை; லினக்சில் அதை யூலிமிட் கட்டளை விதிக்கிறது. எல்லா நிரல்களுக்கும் சேர்த்து எவ்வளவு தருவதாகக் கெர்னல் வாக்களிக்கலாம் என்பது இன்னோர் எல்லை. அது ஓவர்கமிட் அமைப்பின் வேலை. நினைவகத்திலிருந்து வெளியேற்றியவற்றை வைக்க வட்டில் எவ்வளவு இடம் என்பது மூன்றாவது, அதுவே ஸ்வாப். இவற்றைப் பிரித்தறியாதவர் படும் பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 32 பிட் பொறியில் முகவரிகள் மொத்தம் 4 ஜி.பி.க்குத்தான் உண்டு, லினக்சில் ஒரு நிரலுக்குப் பொதுவாக அதில் 3 ஜி.பி. கிடைக்கும். பெரிய தரவுத்தொகுப்பை ஒரே மூச்சில் ஏற்ற முயலும் மாணவர் 8 ஜி.பி. ஸ்வாப் வைத்தாலும், அந்த நிரல் 3 ஜி.பி. வாசலில் விழுந்தே தீரும். அவரிடம் இடம் தீரவில்லை, பெயர் தீர்ந்துவிட்டது.

இனிப் பெரிய ஸ்வாப் ஏன் பழைய பொறியைக் கொல்கிறது என்பது. பக்கத்தின் அளவு 4 கே.பி. சுழலும் வன்தட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்று படிக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். நொடிக்கு 100 பக்கம். 256 எம்.பி. என்பது 65,536 பக்கங்கள். அவை சிதறிக் கிடந்தால் ஒருமுறை திரும்ப ஏற்றுவதற்கே ஏறத்தாழ 11 நிமிடம். லினக்ஸ் அண்டைப் பக்கங்களை எட்டெட்டாகச் சேர்த்துப் படிப்பதால், எல்லாம் ஒழுங்காக அமைந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியலாம். பழைய பொறியில் எதுவும் ஒழுங்காக அமைவதில்லை என்பதே இங்கே பேச்சு. ஒரு குறுகிய காலத்தில் நிரல்கள் உண்மையிலேயே தொடும் பக்கங்கள் நினைவகத்தில் அடங்காதபோது, பொறி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைச் சுமப்பதிலேயே காலம் கழிக்கும் என்பதைப் பீட்டர் டென்னிங் 1968இலேயே விளக்கிவிட்டார். ஸ்வாபை இரட்டிப்பாக்கினால் அந்தத் திணறல் நீங்காது, நீளும். சிறிய ஸ்வாப் இருந்தால் கெர்னல் ஒரு நிரலைக் கொன்று பொறியை மீட்டிருக்கும். பெரிய ஸ்வாப் இருப்பதால் சுட்டி அசையாத திரையின் முன் மாணவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் மின்பொத்தானை அழுத்துகிறார். பழைய பொறியில் ஸ்வாபின் எல்லையை எம்.பி.யில் எழுதினாலும், அளப்பது நிமிடத்தில்.

எதிர்முனையில் நிற்போர் ஸ்வாபே வேண்டாம் என்பர். அவர்கள் புதுமைவாதிகள் போலத் தோன்றினாலும் கணக்குப் பார்க்காததில் முதல் கூட்டத்தாருக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். ஸ்வாப் இல்லையெனில், நிரல் உருவாக்கிய தரவுகளை வெளியேற்ற இடமே இல்லை. நெருக்கடியில் கெர்னல் எதைத்தான் வெளியேற்றும்? கோப்பிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளக்கூடியவற்றை. அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களையே. அவற்றை அடுத்த கணமே மறுபடி படிக்க வேண்டிவரும். ஸ்வாப் இல்லாமலே அதே திணறல்.

சரி, 1 ஜி.பி. நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள பொறிக்கு என்னதான் செய்வது? முதலில் இசட்ரேம். 2014 முதல் லினக்ஸ் கெர்னலின் உறுப்பாகவே இருக்கும் இது, வெளியேற்ற வேண்டிய பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது. உரைத் தரவுகள் நன்கு சுருங்கும். சுருக்கி விரிப்பதற்கு ஆகும் நேரம் வன்தட்டின் 10 மில்லி நொடிக்கு முன் ஒன்றுமில்லை. அதன் பின்னால், முன்னுரிமை குறைந்ததாக, வட்டில் 512 எம்.பி. அளவில் ஒரு சிறு ஸ்வாப் போதும். மூன்றாவதாக, அடங்காத நிரல் எதுவோ அதற்கு மட்டும் சிஸ்டம்டி வழியாக மெமரிமேக்ஸ் எல்லை விதிக்க வேண்டும். யூலிமிட்டால் அதன் பெயர்களைக் கட்டுப்படுத்துவதில் பயனில்லை. இன்றைய உலாவிகள் முயற்கொம்புகளை மலைமலையாகக் கேட்டு வாங்கும் இயல்புடையவை, எல்லை போட்டால் திறக்கவே மாட்டா.

பல வேளைகளில் எல்லையை மாற்ற வேண்டிய தேவையே இராது. ஒலியியல் மாணவர் ஒருமணி நேரக் களப்பதிவைப் பிராட்டில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒற்றைத் தடம், 16 பிட்: வட்டில் ஏறத்தாழ 317 எம்.பி. பிராட் ஒவ்வொரு மாதிரியையும் 8 பைட்டாக நினைவகத்தில் வைப்பதால் அதுவே 1.27 ஜி.பி. ஆகிவிடும். 1 ஜி.பி. பொறி மண்டியிடுகிறது, மாணவர் ஸ்வாபைக் கூட்டுகிறார், மறுநாள் துறைத்தலைவருக்குப் புதிய கணிப்பொறி வேண்டி விண்ணப்பம் எழுதுகிறார். நெடிய ஒலிக்கோப்பாகத் திறக்கும் கட்டளை அதே பட்டியலில், அதற்கு அடுத்தாற்போல இருக்கிறது. அது முழுப்பதிவையும் ஏற்றாமல், பார்க்கும் பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், துறைகள்தோறும் கழிவுப் பட்டியல்கள் இப்போது நீண்டுகொண்டிருக்கின்றன. கையொப்பமிடுவோர் அதற்கு முன் பொறியில் ஒரு லினக்சை ஏற்றி, வழக்கமான வேலையைச் செய்யவிட்டு, விஎம்ஸ்டாட் கட்டளையை ஐந்து நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கட்டும். எஸ்.ஐ., எஸ்.ஓ. என்னும் இரு பத்திகளும் பெரும்பாலும் சுழியாகவே இருந்தால் பொறியின் நினைவகத்தில் குறையில்லை. அவை இடைவிடாது நான்கிலக்க எண்களைக் காட்டினால், பட்டியலில் சேர்ப்பதற்குமுன் ஸ்வாபின் அளவையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அங்கே நினைவகத்தின் சரியாக இரு மடங்கு எழுதப்பட்டிருக்கக் கூடும்.