கொல்லிமலையில் யாழைத் தேடினேன்

எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது :) ஆடி 17, 18-ல் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு நண்பர்களோடு போயிருந்தேன். வில்வித்தைப் போட்டி, ஆட்டம் பாட்டம், மிளகு, தேன், மலைவாழைப்பழம் என்று எல்லாம் இருந்தது. யாழ் மட்டும் இல்லை. அது யார் தப்பும் இல்லை. வாசிக்க ஆள் வேண்டுமே!

அங்கே போய் ஏன் யாழைத் தேடினாய் என்று கேட்பீர்கள். புறநானூற்றின் 152-வது பாட்டைப் பாருங்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் வரிசையாக வீழ்த்திய வேட்டைக்காரன் ஒருவனைக் காட்டில் பார்க்கிறது ஒரு பாணர் கூட்டம். உடனே முழவுக்கு மண் பூசி, யாழுக்குச் சுருதி சேர்த்து, கச்சேரிக்குத் தயாராகிறார்கள். அவன்தான் ஓரி. கறியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். அடுத்த பாட்டு இன்னும் சுவாரஸ்யம். அவன் கொடுத்ததில் பசியே போய்விட்டதால் பாணர்கள் ஆடவும் பாடவும் மறந்துவிட்டார்களாம்! இரண்டையும் பாடியவர் வன்பரணர்.

தமிழ் வகுப்பில் இதை வள்ளல் பெருமை என்று படித்தோம். காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. மொத்த வருமானத்துக்கும் ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழில் அது. பிறகு மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். வாடிக்கையாளர் காலி. யாழ் மறைந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், சும்மா ஆசைக்காக வாசிக்கிற ஒரு கூட்டம் அதற்கு இருந்திருந்தால்?

சீனாவில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. குச்சின் என்ற அவர்களுடைய வாத்தியத்துக்கு ஏழு தந்தி. மேஜைமேல் படுக்க வைத்து, வலது கையால் மீட்டி, இடது கை விரலைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பார்கள். கேட்டால் நம் கோட்டுவாத்தியத்தின் இழைவு நினைவுக்கு வரும். சத்தம் ரொம்ப மெல்லியது, பெரிய மேடைக்கு ஆகாது. அதனால் படித்தவர்கள் ஒருவர் வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். டிக்கெட் கிடையாது. அந்தக் கூடலுக்கு யாஜி என்று பெயர். எந்தத் தந்தியில் எந்த விரல் என்பதுவரை எழுதியும் வைத்தார்கள். 1425-ல் வந்த தொகுப்பு இன்றும் இருக்கிறது. அரசர்கள் போனார்கள், குச்சின் போகவில்லை. 1977-ல் வாயேஜர் விண்கலம் கொண்டுபோன தங்கத் தட்டில் குவான் பிங்ஹூ வாசித்த குச்சின் இசையும் இருக்கிறது. 2003-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது.

அந்தச் சீனர்களுக்குப் பதவியும் சொத்தும் இருந்தது, பாணனுக்கு வயிறு மட்டும்தானே இருந்தது என்பீர்கள். நியாயம்தான். பசியோடு பாடியவனைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற நாம்?

நான் ஐந்து வருடம் வீணை கற்றேன். ப்ளஸ் டூ வந்தது. "இதனால மார்க் வருமா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். இன்று அது பீரோ பக்கத்தில் போர்வை சுற்றிக் கிடக்கிறது. பசி தீர்ந்ததும் பாட்டை மறந்தவன் பாணன் இல்லை, நான்தான்.

விபுலானந்த அடிகள் வருடக்கணக்கில் ஆராய்ந்து 1947-ல் 'யாழ் நூல்' கொண்டுவந்தார். நம் காலத்தில் சென்னையில் தருண் சேகர் யாழையே திரும்பச் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறார். கருவி திரும்பிவிட்டது. கூட்டம்தான் பாக்கி.

அதற்கு அரசு விருதோ ஸ்பான்சரோ தேவையில்லை என்பது என் கட்சி. மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, நாலு பேர் போதும். வீணையோ, கிடாரோ, என்றாவது ஒருநாள் யாழோ. மைக் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். அடுத்த ஆடிக்குள் பழகிவிட்டால், கொல்லிமலையில் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

போர்வையை நான் பிரித்துவிட்டேன். இரண்டு தந்தி அறுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். யாரெல்லாம் வருகிறீர்கள்?