முகத்தை மீட்பது சலுகை அல்ல

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களும், நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களும் பசியையும் களைப்பையும் மறக்க வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் 'சூட்டுப் புண்' என்று விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் கூலி போகுமே என்று மருத்துவமனைக்குப் போவதையும் தள்ளிப்போடுகிறார்கள். முடிவில், தாடையையே அகற்ற வேண்டிய நிலை வருகிறது.

தாடை போனால் தோற்றம் மட்டும் போவதில்லை. மெல்ல முடியாது, பேச்சு குழறும், எச்சில் வழியும். தனிக்குவளையை எதிர்த்து நின்ற சமூகத்தின் மனிதர், இப்போது முகத்தின் பேரால் பந்தியிலிருந்து மீண்டும் ஒதுக்கப்படுகிறார்.

இதற்கு மருத்துவத்தில் வழி உண்டு. கெண்டைக்காலில் உள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடை வடிவில் அமைக்கிறார்கள். சில மில்லிமீட்டரே அகலமுள்ள அந்தக் குழாய்களை, நுண்ணோக்கியில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களுடன் தைக்கிறார்கள். தாடைக்கு இம்முறையை அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். நாக்குக்கும் கன்னத்துக்கும் முன்கைத் தோல் உதவுகிறது.

'காலில் எலும்பை எடுத்தால் களை வெட்டப் போக முடியுமா?' என்ற அச்சம் நியாயமானது. ஆனால், உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பே. காயம் ஆறியபின் பெரும்பாலோர் நடக்கிறார்கள். இதை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்வது மருத்துவமனையின் கடமை.

முகச் சீரமைப்பு மேட்டுக்குடியின் கலையும் அல்ல. மூக்கறுபட்ட வண்டிக்காரர் கவாஸ்ஜிக்குப் புனே அருகே நெற்றித் தோலால் புது மூக்கு அமைத்தவர், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர். 1794இல் லண்டன் இதழொன்று அதை வெளியிட்ட பிறகே ஐரோப்பா அந்த முறையைக் கற்றது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால், ஜிப்மருக்கோ அடையாறுக்கோ நோயாளியுடன் போகிறவர் இழக்கும் கூலியை யார் தருவது? 30 வயதைக் கடந்தோருக்கு வாய்ப் பரிசோதனை தேசியத் திட்டத்திலேயே உண்டு. அது ஆதிதிராவிடர் குடியிருப்பின் கடைசித் தெரு வரை வர வேண்டும். நுண் அறுவை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கடலூர் மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும். துணைக்கு இருப்பவருக்கு உதவித்தொகை வேண்டும்.

மாணவர்களே, வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் 2 வாரத்தில் ஆறவில்லையென்றால், அவர்களைக் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிரைக் காப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. நிமிர்ந்த முகத்தோடு வாழச் செய்வதும் சமூக நீதிதான்.