யாருக்காகத் தயார்?

கோடை அறுப்புக் கூலியில் பிள்ளையைக் கும்பகோணத்துக்கோ தஞ்சைக்கோ காலேஜுக்கு அனுப்பிய தாய்மார் நம் கிராமங்களில் ஏராளம். சாட்டைக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சங்கம் கட்டி, 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று டிகிரியோடு நிற்கிறார்கள்.

அவர்களைப் பார்த்து முதலாளிமார் சொல்வதென்ன? டிகிரி இருக்கிறது, வேலைக்குத் தயாராக இல்லை என்கிறார்கள்.

2022 மார்ச்சில் தமிழக சர்க்கார் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. காலேஜிலேயே கம்ப்யூட்டர், இங்கிலீஷ் பேச்சு, தொழிற்பயிற்சி. இதை நாம் குறை கூறவில்லை. இன்டர்வியூ அறை வாசலில் வாய் குழறி வியர்த்து நிற்பது மிராசுதார் வீட்டுப் பிள்ளையல்ல, நம் பிள்ளைதான். நன்றாகக் கற்கட்டும்.

ஆனால் வேலை எங்கே? 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. மனுப் போட்டவர்கள் சுமார் 22 லட்சம். இடம் ஒன்றுக்கு முந்நூறு பேர்! முந்நூறு பேரும் கரைத்துக் குடித்து வந்தாலும் 299 பேர் வெறுங்கையோடு திரும்பத்தானே வேண்டும்? இதில் பிள்ளையின் குறை எங்கே இருக்கிறது?

தனியாரிடம் போனால் 'பயிற்சியாளர்' என்று பேர் வைக்கிறார்கள். மில் தோழர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி, நம் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் அப்ரண்டிஸாக ஹாஸ்டலில் பூட்டி வைத்து ராட்டை ஓட்டச் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல என்கிறது. மத்திய சர்க்கார் 2024-இல் பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதில் கம்பெனியின் பங்கு ஐந்நூறு. மிச்சம் 4,500 சர்க்கார் பணம். பன்னிரண்டு மாதம் ஆள் வேலை செய்வது மட்டும் கம்பெனிக்கு! முடிந்தபின் வேலை தருவோம் என்ற உறுதியும் கிடையாது.

நாற்காலியில் எப்படி உட்காருவது, எப்படிக் கை குலுக்குவது என்றெல்லாம் பாடம் நடத்துகிறார்கள். நியமன உத்தரவை எப்படிப் படிப்பது என்று எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? கையெழுத்துப் போடுவது கம்பெனியிடமா, காண்ட்ராக்டரிடமா? சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதப் பி.எஃப். பணத்தோடு முதலாளி தன் பங்கையும் கட்டினாரா? இதைச் செல்போனிலேயே பார்க்கலாம். பத்தாவதோடு நின்ற நாமே சங்க ஆபீசில் இதைக் கற்றுக்கொண்டோம், பி.எஸ்.சி. படித்த பிள்ளைக்கு இது ஒரு நாள் பாடம். நாம் எதிர்க்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தன. அவற்றிலேயே தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதையாவது கேட்டு வாங்க வேண்டாமா?

தாய்மார்களே, திருப்பூருக்கோ ஓசூருக்கோ பிள்ளை பஸ் ஏறுமுன் அந்தக் காகிதத்தோடு ஒரு சாயங்காலம் சங்க ஆபீசுக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுமுன் வரட்டும். போட்டபின் வந்து பயனில்லை.